க்ளெய்ம் செய்யாத பில்

தொண்ணூறுகளின் நடுவில் சில மாதங்கள், வெள்ளிக்கிழமை என்றாலே எனக்குப் பயம். மஸ்கட்டில் அன்றுதான் விடுமுறை. காலை ஏழு மணிக்கெல்லாம் அண்ணன் போன் செய்துவிடுவான். குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு போன் வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மணி அடித்ததும் அம்மா ஓடிவந்து எடுப்பாள், நாலு வார்த்தை பேசுவாள், பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டுவாள்.

"வண்டியைப் பார்த்தியா?" இதுதான் அவனுடைய முதல் கேள்வி.

அண்ணன் பதினாறு வருஷமாக அங்கே ஒரு கட்டட கம்பெனியில் இருந்தான். வருகிற தை மாதம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. அவனுடைய முதலாளி வைத்திருந்த ஒரு ஜெர்மன் காரில் எப்போதோ ஒருமுறை ஏறி உட்கார்ந்திருக்கிறான். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் சட்டென்று நின்றுபோகும் என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பான். புதிதாக வாங்க அவனுக்கு வசதி கிடையாது. அதே மாதிரி வண்டி, பதினோரு வருஷப் பழசு, ஆனால் அதிகம் ஓடாதது, செம்பாக்கத்தில் ஒருவர் விற்கப்போகிறார் என்று அவனுடைய நண்பன் அவனுக்குச் சொல்லிவிட்டான். அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்துத் திருப்பதி போகவேண்டும், காஞ்சிபுரம் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டான். போய்ப் பார்த்து நல்ல வண்டியா என்று சொல்லவேண்டியது நான்.

"எனக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக்கூடத் தெரியாதே, அண்ணா."

"உனக்கா தெரியாது? பதினாலு வருஷமா கார் ரிப்பேர் பில்லைத்தானே படிச்சிக்கிட்டிருக்கே."

அது உண்மைதான். நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் மோட்டார் க்ளெய்ம் பிரிவில் கிளார்க்காக இருந்தேன். அடிபட்ட வண்டிகளை நான் கண்ணால் பார்த்ததில்லை, அவற்றின் காகிதங்களைப் பார்த்திருக்கிறேன். எது உடைந்தால் கூடவே எது உடையும், எது உடையாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பின்பக்கம் இடிபட்ட வண்டிக்கு முன்விளக்கு மாற்றியதாக பில் வந்தால் பென்சிலால் சுழித்து மேலே அனுப்புவேன். ஆனால் அதெல்லாம் ஊரார் வண்டி. தப்பு நடந்தால் ஆபீஸுக்குத்தான் நஷ்டம். இதில் என் அம்மா உட்காரப்போகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேற்குத் தாம்பரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு செம்பாக்கம் போனேன். ஏரிக்குப் பக்கத்தில், சுற்றிலும் தென்னை வைத்த தனி வீடு. வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. ஷெட்டைத் திறந்து, வண்டிமேல் போர்த்தியிருந்த துணியை மெதுவாக மடித்து எடுத்தார். கருநீல நிறம். இவ்வளவு பளபளப்பாக ஒரு பழைய வண்டியை நான் பார்த்ததே இல்லை.

"பதினெட்டாயிரம் கிலோமீட்டர்தான்," என்றார். "நீங்களே மீட்டரைப் பாருங்கோ."

மெக்கானிக் மீட்டரைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, குனிந்து பிரேக் பெடலின் ரப்பரை விரலால் தடவினான். டிரைவர் சீட்டின் ஓரத்தை அழுத்திப் பார்த்தான். சாவியை வாங்கி அதன் பற்களைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "மீட்டர் பொய் சொல்லலக்கா," என்றான். "ரப்பர்ல கோடு கூட அழியல. ஓடாத வண்டிதான்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெரியவர் உள்ளே போய் ஒரு தடித்த ஃபைலைக் கொண்டுவந்து கொடுத்தார். "வாங்கின நாளிலேர்ந்து எல்லா பில்லும் இதுல இருக்கு. ஒரு காகிதம் தூக்கிப் போட்டதில்லை."

கூடத்தில் உட்கார்ந்து பிரித்தேன். அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டி யாருக்கு என்று கேட்டார்; அண்ணன் அம்மாவை உட்கார வைத்துத் திருப்பதி போகப்போகிறான் என்றேன். பிறகும் போகாமல் சமையலறை வாசலிலேயே நின்றார். ஒல்லியான உருவம், காதோரம் நரை. நான் ஒவ்வொரு தாளாகப் புரட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு வருஷம் ஒழுங்கான பில்கள். நகரத்துப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஆறு மாதத்துக்கொரு தடவை சர்வீஸ், பக்கத்திலேயே கிலோமீட்டர். அந்த இரண்டு வருஷத்திலேயே பதினாறாயிரம் ஓடியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷத்துக்கு மொத்தம் இரண்டாயிரம். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோஸ் நிறத் தாள், கார்பன் காப்பி, கையால் எழுதியது. ஊரப்பாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையின் பில். இடது முன்விளக்கு. ரேடியேட்டர். முன்கண்ணாடி. பானெட் டிங்கரிங், பெயிண்ட். கடைசி வரியில், இடதுபக்கச் சட்டம் ஒட்டு, அதாவது அடிச்சட்டத்தில் வெல்டிங்.

என் கை தானாகப் பென்சிலைத் தேடியது.

முன்கண்ணாடி மட்டும் உடைந்திருந்தால் கல் பட்டது என்று நம்பலாம். விளக்கு மட்டும் என்றால் கேட்டில் உரசியது என்று நம்பலாம். ரேடியேட்டரும் கண்ணாடியும் சட்டமும் ஒரே பில்லில் வந்தால் அந்த வண்டி எதையோ நேராகப் போய் மோதியிருக்கிறது. அதைவிட என்னை உறுத்தியது வேறு. ஃபைலின் பின்பக்கம் இன்சூரன்ஸ் ரசீதுகள் இருந்தன. அவர் முழு இன்சூரன்ஸ் கட்டியிருந்தார். ஆனால் அடுத்த வருஷ ரசீதில், க்ளெய்ம் எதுவும் கேட்காதவர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி அப்படியே இருந்தது. இவ்வளவு பெரிய ரிப்பேருக்கு அவர் க்ளெய்ம் கேட்கவே இல்லை. க்ளெய்ம் கேட்டால் எப்படி இடித்தது, எங்கே இடித்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸ் காகிதம் வைக்கவேண்டும். கிடைக்கவேண்டியதை வேண்டாம் என்று விடுகிறவர்களைப் பதினாலு வருஷத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேருக்கும் காரணம் இருந்தது.

அந்தச் சமயம் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்து ஜன்னலோரம் நின்று கூப்பிட்டான். "அக்கா, ஒரு நிமிசம்."

போனேன். தாழ்ந்த குரலில் சொன்னான். "முன்கண்ணாடி வேற வருசத்துது, மத்த கண்ணாடியெல்லாம் ஒண்ணா கீது. கீழ படுத்துப் பாத்தேன். லெப்ட் சைடுல மட்டும் தார் மாதிரி கறுப்பு அடிச்சி வச்சிகிறாங்க. சொரண்டினா வெல்டிங்."

உள்ளே வந்து பெரியவரிடம் அந்த ரோஸ் தாளைக் காட்டினேன். "சார், இது என்ன ரிப்பேர்?"

அவர் முகம் மாறவில்லை. "லாரிலேர்ந்து கல் விழுந்தது."

"ரேடியேட்டரும் மாத்தியிருக்கீங்களே, சார்."

"பெரிய கல்."

"க்ளெய்ம் பண்ணலையா?"

அவர் ஃபைலை என் கையிலிருந்து வாங்கி மூடினார். "வேற ஒருத்தர் கேட்டுண்டிருக்கார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சொல்லுங்கோ. வேண்டாம்னா ஒண்ணும் தப்பில்லை."

சமையலறை வாசலைப் பார்த்தேன். அந்த அம்மா அங்கே இல்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. வேண்டாம் என்று சொன்னால், அண்ணன் ஆசையாகக் கேட்ட ஒன்றை நான் ஒரு தாளைப் பார்த்துக் கெடுத்தவளாவேன். சரி என்று சொன்னால், அந்தச் சட்டம் திருப்பதி மலையில் ஏதாவது ஒரு வளைவில் விட்டுப்போகும். அம்மா மட்டும், "எந்தக் கலரு?" என்று கேட்டாள். சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது போன் அடித்தது. செம்பாக்கத்து அம்மாதான், நான் பெரியவரிடம் கொடுத்துவிட்டு வந்த நம்பரில். "அவர் வாக்கிங் போயிருக்கார். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரமுடியுமா? பேசணும்." என் பதிலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

பகல் முழுக்க வேலையில் மனசு ஒட்டவில்லை. சாயங்காலம் குரோம்பேட்டையில் இறங்காமல் தாம்பரம் வரைக்கும் போனேன். பிளாட்பாரத்தின் கோடியில், கூட்டம் இல்லாத ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு காய்கறிப் பை, அதில் ஒன்றுமில்லை.

"அந்த பில்லை அவர் எடுத்துத் தனியா வச்சிருந்தார்," என்றார், நான் உட்காருவதற்குள்ளேயே. "நான்தான் திரும்ப உள்ள வச்சேன்."

"ஏம்மா?"

"யாராவது கேக்கட்டும்னு. இதுவரைக்கும் வந்தவா யாரும் கேக்கலை. மீட்டரைப் பாத்துட்டு அவ்வளவுதான்."

பிறகு சொன்னார். அந்த வண்டியை அதிகம் ஓட்டியது அவர் கணவரில்லை, அவர்தான். முதல் இரண்டு வருஷம் ஓடிய பதினாறாயிரமும் பெரும்பாலும் அவர் ஓட்டியது. ஒரு விடியற்காலை செங்கல்பட்டில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள், குறுக்குச் சாலையிலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பின்னால் பால் கேன்கள். ஓட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா பிரேக்கை அழுத்தினார், வண்டி சைக்கிளை அடித்துவிட்டுப் புளியமரத்தில் போய் நின்றது.

"பால் ரோடெல்லாம் ஓடித்து. எனக்கு அதுதான் ஞாபகம் இருக்கு. அந்த மனுஷனோட முகம் ஞாபகமில்லை."

அவர் கணவர்தான் அந்த ஆளை லாரி ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். செலவெல்லாம் பார்த்தார். வீட்டு ஆட்களிடம், தான்தான் ஓட்டியதாகச் சொன்னார். கேஸ் வேண்டாம் என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த பட்டறையிலேயே வண்டியைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு அவர் மனைவி கையில் சாவியைக் கொடுக்கவில்லை. தானும் வண்டியை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை மட்டும் ஒரு பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்து ஷெட்டில் விடுவார். ஞாயிறுதோறும் துடைப்பார்.

"அந்த ஆளு?"

"உயிர் பிழைச்சான். கால் போயிடுமோன்னு டாக்டர் சொன்னார். அதுக்கப்புறம் இவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை. கேட்டா, அதெல்லாம் முடிஞ்சுபோச்சுங்கறார். ஒன்பது வருஷமா நான் அந்தப் பக்கம் போனதில்லை. போனா என்ன பாக்கவேண்டியிருக்குமோன்னு." என் கையைப் பிடித்தார். "நீங்க உங்க அம்மாவை அதுல உக்கார வைக்கப்போறேள்னு அன்னிக்குச் சொன்னேள். அதான் கூப்பிட்டேன். அந்தப் பட்டறையில போய்க் கேளுங்கோ. எப்படி ஒட்டினான்னு கேளுங்கோ. அப்படியே..." என்று நிறுத்தினார்.

"அந்தப் பால்காரரையும் விசாரிக்கணுமா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மெக்கானிக்கும் நானும் பஸ்ஸில் ஊரப்பாக்கம் போனோம். ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே, நெடுஞ்சாலை ஓரத்திலேயே பட்டறை. ரோஸ் தாளில் பார்த்த பெயரை வைத்துத் தேட வேண்டியிருக்கவில்லை. பட்டறை முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"கருநீல வண்டி. மறக்குமா? அந்த மாதிரி வண்டி என் பட்டறைக்கு வந்தது அது ஒண்ணுதான்."

"அந்த ஒட்டு எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலிருந்தது.

அவர் என்னையும் மெக்கானிக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், இன்ஜினைத் தாங்குற சட்டம் அது. மடங்கிப்போச்சு. கம்பெனிக்காரனா இருந்தா மொத்தமா மாத்தியிருப்பான். என்கிட்ட அந்தச் சாமான் ஏது? அறுத்து, உள்ள ஒரு தகடு வச்சு ஒட்டினேன். என் வேலையை நான் குறை சொல்லல. அறுபதுல போனா நல்லாவே போவும். அதுக்கு மேல போனாலோ, இன்னொருவாட்டி இடிச்சாலோ இன்னா ஆவும்னு நான் சொல்லமாட்டேன்."

மெக்கானிக் வெளியே வந்ததும் சொன்னான். "இவ்ளோ நேர்மையா எவனும் சொல்லமாட்டான்க்கா. வாணாம், வுட்ரு."

பால்காரரைப் பற்றியும் பட்டறைக்காரரிடமே கேட்டேன். உயிரோடிருக்கிறார், கால் தாங்கித் தாங்கி நடக்கிறார், பால் வியாபாரத்தை விட்டுவிட்டு உள்ளே தெருவில் டீக்கடை வைத்திருக்கிறார் என்றார். தூரத்திலிருந்து கடையைப் பார்த்துவிட்டு வந்தேன். பாய்லருக்குப் பின்னால் நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு நிதானமானது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறரை மணியிலிருந்தே போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அம்மா ஓட்டியதைத் தவிர. அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

கடல் இரைவது போன்ற லைன் சத்தத்துக்கு மேல் அவன் குரலை உயர்த்தினான். "வெல்டிங் பண்ணாத பழைய வண்டி உலகத்துல உண்டா?" என்றான்.

"உண்டான்னு எனக்குத் தெரியாது, அண்ணா. இதுல வெல்டிங் எங்கே இருக்குன்னு தெரியும்."

"அறுபதுலதான் ஓட்டுவேன்."

"நீ அறுபதுல ஓட்டுவே. எதிர்ல வர்றவன்?"

"நீ ஒரு பயந்தாங்கொள்ளி," என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நாலு வெள்ளிக்கிழமை அவன் அம்மாவிடம் மட்டும்தான் பேசினான். ரிசீவர் என்னிடம் வரவில்லை. அம்மா வைத்துவிட்டு, "அவசரமா கட் ஆயிடுச்சு," என்று எனக்காக ஒரு பொய் சொல்லுவாள்.

பெரியவர் கெடு வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் போய் அவரிடம், அண்ணனுக்கு ஒத்துவரவில்லை என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. கேட் வரைக்கும் அந்த அம்மா வந்தார்.

"நடக்கறானா?" என்று உதடு மட்டும் அசைந்தது.

"நடக்கிறார். கொஞ்சம் தாங்கல் இருக்கு. டீக்கடை வச்சிருக்கார்."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னோட வருவேளா?"

அதற்கடுத்த வாரம் இருவரும் தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினோம். வண்டலூர் தாண்டியதிலிருந்து அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை. மடியைப் பார்த்தபடியே வந்தார். எனக்கும் பயம்தான். அந்த ஆள் கத்தினால் என்ன செய்வது, கூட்டம் கூடினால் என்ன செய்வது, இவருடைய கணவருக்குத் தெரிந்தால் என்னாகும் என்று எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையில் அந்த நேரம் வேறு யாருமில்லை. பால்காரர் இரண்டு டீ போட்டு வைத்தார். அந்த அம்மா டம்ளரைத் தொடவில்லை. நின்றபடியே சொன்னார்: "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி உங்களை இடிச்ச வண்டியை நான்தான் ஓட்டினேன். அவர் இல்லை."

பால்காரர், அதாவது டீக்கடைக்காரர், கையிலிருந்த வடிகட்டியைக் கீழே வைத்தார்.

"தெரியும்மா," என்றார். "வியுந்து கெடந்தப்ப கண்ணு தொறந்துதான் இருந்துச்சி. ஸ்டியரிங் பக்கத்துலேர்ந்து பொடவைதான் எறங்குச்சி. அப்பால ஐயா வந்து நான்தான்னாரு. அவரே சொல்லிகினு இருக்கும்போது நான் இன்னாத்துக்கு மாத்திச் சொல்லணும்? எங்க வூட்டுலகூட சொல்லல."

அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கோவம் இல்லாம இல்லம்மா," என்று அவரே தொடர்ந்தார். "மூணு மாசம் படுக்கையில கெடந்தேன். ஐயா வருவாரு, பாப்பாரு, போவாரு. நீங்க ஒருவாட்டி வந்திருக்கலாம்."

"வந்திருக்கணும்," என்றார் அந்த அம்மா. மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு டீக்கடைக்காரர் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதை இருவரும் குடித்தோம். இரண்டு ஆட்கள் வந்து பீடி கேட்டார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு புளியமரத்தைக் கடந்தபோது திரும்பிப் பார்த்தார். "இது இல்லை. அடுத்தது," என்றார். தாம்பரத்தில் இறங்கும்போது, "இன்னிக்கு அவர்கிட்ட சொல்லப்போறேன்," என்றார். அவர் முகம் தெளிவாக இருந்தது என்று என்னால் எழுதமுடியாது. பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி களைத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் போன் செய்தார். வண்டி விற்றுப்போயிற்றாம். வாங்க வந்தவரிடம் பெரியவர் தானே அந்த ரோஸ் தாளை ஃபைலிலிருந்து எடுத்து முதலில் காட்டினாராம். "இடிச்ச வண்டி, சட்டம் ஒட்டினது, வேகமாப் போகாதேள்" என்றாராம். வந்தவர் கொஞ்சம் விலையைக் குறைத்துக் கேட்டார், பெரியவர் ஒப்புக்கொண்டார். வாங்கியவர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப்போகிறாராம், ஊர்வலத்தில் மெதுவாகத்தானே போகும் என்று அந்த அம்மா சொன்னார். அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியவில்லை.

அண்ணன் தை மாதம் வந்தான். சாதாரண உள்ளூர் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கினான். அம்மாவை அதில் திருப்பதிக்கு அழைத்துப் போனான், என்னையும் கூப்பிட்டான். வழியெல்லாம், இதன் கதவைச் சாத்தினாலும் லாரிச் சத்தம் கேட்கிறது பார், என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அம்மா முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கருநீல வண்டியின் நம்பர் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. ஆபீஸில் ஒவ்வொரு காலையும் புது க்ளெய்ம் கட்டு மேஜைக்கு வந்ததும், பிரிப்பதற்கு முன்னால் எல்லா நம்பர்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவேன். அது வேறு ஏதோ ஒரு ஆபீஸில் இன்சூர் ஆகியிருக்கலாம், எங்களிடம் வர வேண்டியதே இல்லை. தெரிந்தும் பார்த்தேன். மூன்று வருஷம் பார்த்தேன். அது வரவில்லை. பிறகு என்னைத் தீ விபத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.